மேற்கு அறைக் கணப்பு

என் மாமியாரின் சித்தி மகள் அரமிந்தா ஹேலட்டுக்கு ஊர் ஊராக வீடு. பிலடெல்பியாவில் ஒன்று, பாஸ்டனில் ஒன்று, ஹட்சன் ஆற்றங்கரையில் எங்களுடையது ஒன்று. எல்லாமே அடுத்தவர்கள் வீடு. கல்யாணம் ஆகாதவர். அப்பா விட்டுப்போன வீடு ஹார்ட்ஃபோர்டில் இருந்தது. அது தம்பிக்குப் போனது. தம்பி மனைவிக்கு மூன்றாவது குழந்தை பிறந்ததும் அரமிந்தா படுத்திருந்த அறை தொட்டில் அறை ஆகிவிட்டது. அன்றைக்குப் பெட்டியைக் கட்டியவர்தான். அப்புறம் அந்தப் பெட்டியை முழுசாகப் பிரித்து வைக்க அவருக்கு ஓர் இடம் வாய்க்கவே இல்லை.

ஆனால் அதைச் சொல்லிக்கொள்ள மாட்டார். போகிற வீடுகளில் கொடுக்க ஒரு சீட்டு வைத்திருந்தார். நல்ல தடித்த தாளில், சாய்ந்த எழுத்தில், பெயர், ஹார்ட்ஃபோர்டு விலாசம், கீழே ஓரமாக ‘வியாழக்கிழமைகளில்’ என்று ஒரே ஒரு சொல். வியாழக்கிழமை பிற்பகலில் வீட்டில் இருப்பேன், வந்தால் தேநீர் கிடைக்கும் என்று அர்த்தம். எந்த வியாழக்கிழமையும் அவர் அங்கே இருந்ததில்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரியும். தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சீட்டை வாங்கி வெள்ளித் தட்டில் வைத்துக்கொண்டு, “ஹார்ட்ஃபோர்டு பக்கம் வந்தா அவசியம் வர்றோம்” என்று சொல்வோம். இப்படித்தான் எங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் மதிப்பார்கள்.

எங்கள் ஆட்கள் என்கிறேன், நான் பிறந்தது இங்கே இல்லை. சின்சினாட்டியில் பன்றி இறைச்சியைப் பீப்பாயில் அடைத்து விற்றுப் பணக்காரரானவர் மகள் நான். வான் ஆல்ஸ்டைன் குடும்பத்துக்கு மருமகளாக வந்த புதிதில் என் மாமியார் கத்தலீனா என்னை அக்கம்பக்கத்துப் பெரிய வீடுகளுக்கெல்லாம் வண்டியில் அழைத்துப் போனார். முதல் வீட்டில் நான் சௌகரியமாக உட்கார்ந்து, கேக் சாப்பிட்டு, அந்த அம்மாவின் முட்டிவலிக்கு எங்கள் ஊர்த் தைலம் சொல்லி, நாய்க்குட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பேசிவிட்டேன். எதிரே அத்தையின் முகம் சுண்டிப்போனதை நான் கவனிக்கவே இல்லை.

வண்டியில் ஏறியதும், “ஏம்மா ரோடா, உங்க ஊர்ல பார்க்கப் போனா ராத்திரி தங்கிட்டுத்தான் வருவீங்களோ?” என்றார்.

“ஏன் அத்தை, அந்தம்மா சந்தோஷமாத்தானே பேசினாங்க?”

“வந்தவள எழுந்து போன்னா சொல்லுவா? கால் மணி. அதுக்கு மேல உட்கார்ந்தா வீட்டுல சாமான் செட்டு இல்லாதவ மாதிரி இருக்கும்.”

மிந்தா சித்தியும் அந்த வண்டியில் இருந்தார். அரமிந்தாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “விடுங்கக்கா, அந்த நாய்க்குட்டி இன்னிக்குத்தான் யார் மடியிலயாவது உட்கார்ந்திருக்கு” என்றார். அந்த நிமிஷத்திலிருந்து எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

ஒவ்வொரு வருஷமும் ஜூன் தொடக்கத்தில் நீராவிப் படகில் வந்து இறங்குவார். ஆப்பிள் பறித்து முடிகிறவரை இருப்பார். இலை உதிரத் தொடங்குவதற்குள் போய்விடுவார். இருக்கும் நாளெல்லாம் வீட்டுக்கு அவரால் லாபமே தவிர நஷ்டம் இல்லை. சீட்டாட்டத்துக்கு நாலாவது ஆள் வேண்டுமா, உட்காருவார். எவளாவது தலைவலி என்று படுத்தால் பக்கத்தில் உட்கார்ந்து நாவல் வாசிப்பார். என் கணவர் கெரிட் கல்லூரி நாள் கதையைப் பத்தாவது தடவை சொன்னாலும் புதிதாகக் கேட்பதுபோலச் சிரிப்பார். எந்த நாற்காலி யாருடையது என்று தெரிந்து அதில் உட்காராமல் பார்த்துக்கொள்வார். கோழியில் நல்ல துண்டு தட்டில் விழுந்தால், பசியே இல்லை என்று அதைப் பக்கத்தில் தள்ளிவிடுவார். அவரைப் போல ஒரு விருந்தாளி உண்டா என்று பிலடெல்பியாவிலும் பாஸ்டனிலும்கூடப் பேச்சு. எனக்கு அந்தப் புகழ்ச்சியைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வரும். ஒரு மனுஷி வாழ்நாள் முழுக்க நல்ல விருந்தாளியாக இருக்கிறாள் என்றால் அதில் கொண்டாட என்ன இருக்கிறது?

அவரிடம் ஒரு வழக்கம் உண்டு. வந்த அன்று ராத்திரிச் சாப்பாட்டில், ரசக்கோப்பை எடுத்துப்போவதற்குள், என்றைக்குக் கிளம்புகிறேன் என்பதைச் சொல்லிவிடுவார். அதுதான் எங்கள் பக்கத்து நயம். விருந்தாளி நாளைச் சொல்லிவிட்டால் வீட்டுக்காரிக்கு மனசில் கணக்கு ஓடவேண்டியதில்லை. வீட்டுக்காரியும் “அவ்வளவு சீக்கிரமாவா?” என்று கேட்க வேண்டும். விருந்தாளி சிரிக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் இறைச்சி வரும்.

ஒருநாள் படகுத் துறைக்கு அவரை வழியனுப்பப் போனபோது, “சித்தி, இப்படி ஊர் ஊராப் போறது அலுப்பா இல்லையா?” என்று கேட்டேன்.

“போறது அலுப்பில்ல, ரோடா. படகுல, ரயில்ல இருக்கறப்பதான் எனக்கு நிம்மதி. அங்க நான் யாருக்கும் விருந்தாளி இல்ல பாரு. காசு குடுத்து உட்கார்ந்திருக்கேன்.”

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் மாமனார் இறந்த பிறகு அந்த வீட்டில் குளிர்காலம் கொடுமையாகிவிட்டது. ஆறு உறைந்ததும் படகு நின்றுவிடும். பெரிய வீட்டுக்காரர்கள் எல்லாம் நியூயார்க்குக்குப் போய்விடுவார்கள். கெரிட்டும் வாரம் முழுக்க அங்கே வேலையில் இருந்துவிட்டுச் சனிக்கிழமை ரயிலில் வருவார். மிச்ச நாளெல்லாம் நானும் அத்தையும், நீளமான மேஜையின் இரண்டு முனையில். நான் பேசினால் அவருக்குத் தலைவலி. அவர் பேசாவிட்டால் எனக்குத் தலைவலி. மூன்றாவதாக ஒருவர் கீழே விழுந்த துடைப்புத்துணியை எடுத்துக் கொடுத்தாலே போதும் என்று இருந்தது. அந்த மூன்றாவது ஆள் யார் என்பதும் இருவருக்கும் தெரியும்.

“மிந்தா இருந்தா சீட்டாச்சும் ஆடலாம்,” என்பார் அத்தை, பனி விழுவதைப் பார்த்துக்கொண்டு. இன்னொரு நாள், “சின்ன வயசுல நாங்க ரெண்டு பேரும் ஒரே கட்டில்ல படுப்போம். கால் ரெண்டும் ஐஸ் மாதிரி இருக்கும் அவளுக்கு. என் மேல வெச்சுக்குவா” என்றார்.

“அப்ப இங்கேயே இருன்னு சொல்ல வேண்டியதுதானே, அத்தை?”

“எப்படிச் சொல்றது?”

“வாயாலதான்.”

“உனக்கு எல்லாமே பீப்பாய்க்கடை வியாபாரம்தான்,” என்றார். அப்புறம் குரல் இறங்கிவிட்டது. “இங்கேயே இருந்திடுன்னு நான் சொன்னா, உனக்கு வீடு இல்லைன்னு நான் சொன்ன மாதிரி. இத்தனை வருஷமா அவ சீட்டுல ஹார்ட்ஃபோர்டுன்னு போட்டு, வியாழக்கிழமைன்னு போட்டு, எவ்வளவு கௌரவமா நடந்துக்கறா. அதை நான் ஒரு வார்த்தையில கிழிச்சுப் போடணுமா? அவளா தங்கினா, கிளம்பற நாளைச் சொல்லாம விட்டா, நான் ஏன்னு கேக்கவே மாட்டேன்.”

அடுத்த கோடையில் நானே கேட்டுப் பார்த்தேன். தோட்டத்தில் சித்தி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். “சித்தி, நீங்க குளிர்காலத்துக்கும் இங்கயே இருந்திடுங்களேன்” என்றேன். அவர் கை ஒரு கணம் நின்றது. அப்புறம் என் கன்னத்தைத் தட்டி, “நல்ல மனசு உனக்கு” என்று சொல்லிவிட்டுப் பட்டாணியைத் தொடர்ந்தார். மருமகள் அழைப்பு அழைப்பில் சேர்த்தி இல்லை. வீட்டுக்காரி வாயிலிருந்து வரவேண்டும். வீட்டுக்காரியோ வாயைத் திறக்க மாட்டார். இரண்டு பேரையும் ஓர் அறையில் போட்டுப் பூட்டிச் சாவியை ஆற்றில் எறியலாமா என்றிருந்தது எனக்கு.

அந்தக் குளிர்காலத்தில்தான் அத்தைக்கு ஒரு யோசனை வந்தது. மாடியில் மேற்குப் பார்த்த அறை, சித்தி எப்போதும் தங்குகிற அறை, கோடை விருந்தாளிகளுக்கானது. அதில் தீ மூட்ட வசதி கிடையாது. நவம்பர் வந்தால் குடத்துத் தண்ணீர் உறைந்துபோகும். அதனால் குளிர்காலம் முழுக்கப் பூட்டியே கிடக்கும். அந்த அறைக்கு டிராய் நகரிலிருந்து ஓர் இரும்புக் கணப்பு வரவழைத்தார் அத்தை. சின்னது, அழகானது. கதவில் திராட்சைக் கொத்து வார்த்திருந்தது. சுவரை உடைத்துக் குழாயைப் பக்கத்துப் புகைபோக்கியில் சேர்த்தார்கள். ஜன்னலுக்குக் கனத்த கம்பளித் திரை போட்டார். கட்டிலில் வாத்து இறகு மெத்தை. எல்லாம் முடிந்ததும் என்னை மேலே கூப்பிட்டுக் காட்டினார். நான் அவரை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்ததில்லை.

“இதைவிட என்ன சொல்லணும்? கோடைக்கு வர்றவளுக்கு யாராச்சும் கணப்பு போடுவாங்களா? பார்த்த உடனே புரிஞ்சுக்குவா. நானும் வாயத் திறக்க வேண்டாம், அவளும் கேக்க வேண்டாம்.”

எனக்கும் அது சரியாகவே பட்டது. சின்சினாட்டிக்காரிக்கே புரிகிற விஷயம், சித்திக்குப் புரியாதா?

ஜூன் மாதம் சித்தி வந்தார். அத்தை அவரைக் கூடவே மேலே அழைத்துப் போகவில்லை. “உன் ரூமு உனக்குத் தெரியாததா, போய் முகம் கழுவிட்டு வா” என்று அனுப்பிவிட்டு, கீழே கையை மடியில் கோத்துக்கொண்டு மாடிப்படியையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். சித்தி வர ரொம்ப நேரமாயிற்று. வேலைக்காரப் பெண் நோரா வெந்நீர்க் குடத்துடன் இறங்கிவந்து என் காதில், “அம்மா கணப்பு முன்னால நின்னுட்டே இருக்காங்க. பெட்டியில பாதித் துணிதான் வெளிய எடுத்து வெச்சாங்க” என்றாள். நான் அதை அத்தையிடம் சொல்லவில்லை. சந்தோஷத்தில் அசந்து நிற்கிறார் என்றுதான் நினைத்தேன்.

சாப்பாட்டுக்கு வந்தபோது சித்தி சாம்பல் நிறப் பட்டு உடுத்தி, முகத்தில் பவுடர் போட்டு, ரொம்பப் பிரகாசமாக இருந்தார். ரசம் வந்தது. அத்தை கரண்டியைத் தொடவில்லை. நானும் தொடவில்லை. சித்தி நாளைச் சொல்லாமல் விட்டால் போதும், அவ்வளவுதான். ரசக்கோப்பை போய், இறைச்சி வந்து, ஸ்ட்ராபெர்ரியும் பாலேடும் வந்துவிட்டால் எல்லாம் நல்லபடி முடிந்துவிடும்.

சித்தி இரண்டு கரண்டி குடித்தார். “செர்ரி ஊறப் போட்டு முடிஞ்சதும் கிளம்பறேங்கக்கா. ஜூலை பாதிக்குள்ள,” என்றார்.

ஆப்பிள் வரை இருக்கிறவர், செர்ரியோடு கிளம்புகிறார். அத்தையின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்க முடியவில்லை. குரல் மட்டும் கேட்டது. ஒவ்வொரு வருஷமும் கேட்கிற அதே கேள்வி.

“அவ்வளவு சீக்கிரமாவா?”

“பாஸ்டன்ல காத்துட்டு இருக்காங்க. ரொம்ப நாளா கூப்பிடறாங்க.”

“அப்ப போக வேண்டியதுதான்.”

சித்தி சிரித்தார். அத்தையும் சிரித்தார். இறைச்சி வந்தது.

அந்த ஆறு வாரமும் இருவரும் அவ்வளவு பிரியமாக நடந்துகொண்டார்கள், பார்க்கவே சகிக்கவில்லை. சேர்ந்து வண்டியில் போய் எல்லா வீட்டிலும் கால் மணி கால் மணியாக உட்கார்ந்துவிட்டு வந்தார்கள். செர்ரிக்குக் கொட்டை எடுத்தார்கள். யாரும் கணப்பு என்ற சொல்லையே எடுக்கவில்லை. நான் ஒருநாள் பொறுக்காமல், “அத்தை, இன்னிக்காச்சும் சொல்லுங்களேன்” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “கண்ணால பார்த்துட்டுத்தானே போறேங்கறா. இனிமே கேட்டா அது பிச்சை கேக்கற மாதிரி, ரோடா. நான் அவகிட்ட பிச்சை கேக்கணுமா?” என்றார்.

படகுத் துறையில் கைக்குட்டை ஆட்டினார் அத்தை. படகு வளைவு தாண்டி மறைந்த பிறகும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் சித்தி வரவில்லை. வசந்தம்தோறும் இங்கிருந்து அழைப்பு போகும். பாஸ்டனில் அம்மை, பிலடெல்பியாவில் கல்யாணம் என்று அங்கிருந்து இனிமையாக ஒரு மறுப்பு வரும். மேற்கு அறையை அத்தை மறுபடி பூட்டிவிட்டார். ஒரு பிப்ரவரியில் அவருக்கு மார்ச்சளி பிடித்தது. கடைசி ராத்திரிகளில் காலுக்குச் சூடான கல் வைத்தும் குளிருது குளிருது என்றார். தந்தி போய்ச் சேர்ந்து, பனியில் நின்ற ரயில்கள் நகர்ந்து, சித்தி வருவதற்குள் புதைத்தாயிற்று. கறுப்பு உடையில் கூடத்தில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த வண்டிக்கே போய்விட்டார். தங்கச் சொல்லி நான் கையைப் பிடித்ததும், “உங்களுக்கே ஆயிரம் வேலை” என்று என் கையைத் தடவிவிட்டு எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருஷம் கழித்து, கால் முடியாமல் போய், சித்தியால் ஊர் ஊராகப் போக முடியவில்லை. தம்பி ஒரு தொகை கட்டி, ஹார்ட்ஃபோர்டிலேயே வயதான நல்ல குடும்பத்துப் பெண்களுக்கென்று இருந்த ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டார். எனக்குச் செய்தி தெரிந்ததும் போனேன். வேண்டுமென்றே வியாழக்கிழமையாகப் பார்த்துப் போனேன்.

கட்டில், ஒரு மேஜை, இரண்டு நாற்காலி. அந்தப் பெட்டி காலியாகச் சுவரோரம் நின்றது. மேஜையில் வெள்ளை விரிப்பு, இஞ்சி ரொட்டி, ஆறு கோப்பை. சித்தி சாம்பல் நிறப் பட்டில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது.

“வா வா, ரோடா. நல்லவேளை நான் வீட்டுல இருக்கற நாளாப் பார்த்து வந்தே.”

தேநீர் ஊற்றினார். வீட்டுக்காரியாக அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சர்க்கரை எத்தனை என்று கேட்பதில்கூட ஒரு பெருமிதம் இருந்தது. நான் சுற்றி வளைக்கவில்லை. இப்போது எங்கள் வீட்டுக்காரி நான்தான், என் அழைப்பு செல்லும்.

“சித்தி, நான் உங்களக் கூட்டிட்டுப் போகத்தான் வந்தேன். நம்ம வீட்டுக்கு. எப்பவுமா.”

அவர் கெண்டியை மெதுவாகக் கீழே வைத்தார். “அதெல்லாம் வேண்டாம்மா. அந்த ரூமுல இருக்கறவங்களுக்கு நான் எதுக்கு இடைஞ்சலா?”

“எந்த ரூமுல?”

“மேற்கு ரூமுலதான். கணப்பு போட்டிருந்தீங்களே.”

“அதுல யாரு இருக்கா?”

“எனக்கென்ன தெரியும்? நான் கேக்கலையே. விருந்துக்கு வந்தவ, புதுசா இதை எதுக்குப் போட்டீங்கன்னு கேக்கறது நல்லாவா இருக்கும்? குளிர்காலத்துக்கும் சேர்த்து யாரோ நிரந்தரமா வரப் போறாங்கன்னு பார்த்ததுமே தெரிஞ்சுது. அக்கா சொல்லச் சங்கடப்பட்டாங்க, பாவம். அதுதான் நானே சீக்கிரமாக் கிளம்பிக் காலி பண்ணிக் கொடுத்தேன்.”

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். எங்கள் வீட்டில் சொல்லாமல் விட்டதெல்லாம் போதும் என்று தோன்றியது.

“அது உங்களுக்குப் போட்டது, சித்தி.”

அவர் இஞ்சி ரொட்டித் தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

“டிராயிலேர்ந்து வரவழைச்சாங்க. நீங்க பார்த்ததும் புரிஞ்சுக்குவீங்கன்னு சொன்னாங்க. நாளைச் சொல்லாம விட்டா ஏன்னு கேக்கவே மாட்டேன்னாங்க. நீங்க செர்ரியோட கிளம்பறேன்னதும், பார்த்தும் வேண்டாங்கறான்னு நினைச்சுட்டாங்க. அப்புறம் அந்த ரூமைப் பூட்டிட்டாங்க.”

“யாரும் வரலையா?”

“யாரும் வரல. அந்தக் கணப்பை ஒரு நாள்கூடப் பத்த வைக்கல.”

வெளியே தெருவில் ஒரு வண்டி நின்றது. சித்தியின் கண் தன்னாலே கதவுக்குப் போயிற்று. வண்டி வேறு யாருக்கோ வந்தது. மிச்சம் நாலு கோப்பையும் கவிழ்த்தபடியே இருந்தன. அவர் விரிப்பின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

“அந்த ஜன்னல்லேர்ந்து ஆறு தெரியுமா?” என்றார் கடைசியில். “நான் இருக்கறப்பல்லாம் மேப்பிள் இலைதான் தெரியும்.”

“குளிர்காலத்துல தெரியும், சித்தி. இலை கொட்டிட்டா ஆறு முழுசாத் தெரியும்.”

“நான் பார்த்ததே இல்ல.”

அப்புறம் அழுதார். சத்தமில்லாமல், எதிரே இருப்பவருக்குச் சங்கடம் வராதபடி, முகத்தைச் சற்றே திருப்பிக்கொண்டு. நான் எழுந்துபோய் அவர் காலடியில் உட்கார்ந்து அவருடைய கால்களை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். அத்தை சொன்ன மாதிரியேதான் இருந்தன, சில்லென்று.

கூட வரச் சொல்லி மறுபடி கேட்டேன். தலையை ஆட்டிவிட்டார். “கூப்பிட்டவங்க போயிட்டாங்களே, ரோடா,” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கோப்பையை நிரப்பினார். வந்து உட்கார்ந்ததும் எந்த வண்டிக்குக் கிளம்புகிறேன் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் முறை. அன்றைக்கு நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. இருட்டின பிறகு விளக்கை ஏற்றி என் பக்கமாகத் தள்ளிவைத்தார்.

“இரு,” என்றார். “இன்னும் கொஞ்ச நேரம் இரு.”